நட்சத்திரம் ஓடியதா, தவளை நகர்ந்ததா?

ஒரு காட்டுக் குளத்தில் குண்டுக்கண்ணன் என்றொரு தவளை இருந்தது. அதற்குத் தன் கண்ணைப் பற்றிப் பெருமை. அதைவிடப் பெரிய பெருமை, தான் அசையாமல் உட்காருவதைப் பற்றி!

"மலை அசைஞ்சாலும் அசையும், நான் அசைய மாட்டேன்!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லும். கேட்பவர் தலையாட்டும்வரை விடாது.

அந்த வருடக் கோடை பொல்லாத கோடை. ஓடைகள் வற்றின. சுனைகள் வற்றின. காட்டில் மிஞ்சியது இந்த ஒரே குளம்தான். புல் தின்னும் விலங்குகளும் இங்கேதான் வர வேண்டும். அவற்றைத் தின்னும் சிறுத்தையும் இங்கேதான் வர வேண்டும். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்! தண்ணீர் குடிக்கக் குனிந்தால் சிறுத்தை. குடிக்காமல் இருந்தால் தாகம். எந்தப் பக்கம் போனாலும் சாவு!

கடைசியில் எல்லா விலங்குகளும் கூடிப் பேசி ஒரு முறை வைத்துக்கொண்டன.

குளத்தின் மேற்குக் கரையில் ஓர் ஒற்றைப் பனை நின்றது. பொழுது சாய்ந்ததும் அந்தப் பனைக்கு மேலே ஒரு பெரிய நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அது பனையின் தலைக்குப் பின்னால் மறையும்வரை புல் தின்னிகளின் முறை. மறைந்த பிறகு பொட்டாயி என்ற பெண் சிறுத்தையும் அதன் குட்டிகளும் குடிக்கும் முறை. முறை மாறிய பிறகும் எந்தப் புல் தின்னியின் காலாவது தண்ணீரில் இருந்தால், அது சிறுத்தைக்கு இரை. யாரும் கேள்வி கேட்கக் கூடாது!

"சரி, நட்சத்திரத்தைப் பார்த்துச் சொல்றது யாரு?" என்று கேட்டது பொட்டாயி.

"நான்!" என்று குதித்தது குண்டுக்கண்ணன். "நான் புல்லும் தின்ன மாட்டேன், மானும் தின்ன மாட்டேன். எனக்கு எந்தப் பக்கமும் கிடையாது. அதோட, மலை அசைஞ்சாலும்..."

"தெரியும், தெரியும்!" என்றன எல்லா விலங்குகளும் ஒரே குரலில்.

குளத்தின் நடுவே ஒரு மொட்டைப்பாறை தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஒட்டிக் கோரையும் பாசியும் பின்னிக்கொண்டு ஒரு திட்டு மிதந்தது. அதன் வேர்கள் பாறையைக் கெட்டியாகப் பிடித்திருந்தன. அந்தத் திட்டுதான் தவளையின் ஆசனம். அதன் மேல் உட்கார்ந்து சொன்னால்தான் தவளையின் வாக்கு செல்லும் என்றும் ஏற்பாடு ஆயிற்று.

முறை நன்றாகவே நடந்தது. காட்டெருமைகள் முதலில் வந்தன. பன்றிகள் அடுத்து வந்தன. மான்கள் கடைசியில் வந்தன. நட்சத்திரம் பனைக்குப் பின்னால் மறைந்ததும், "கொர்ர்ர்! முறை மாறியாச்சு!" என்று தவளை கத்தும். அதற்குள் குளத்தில் ஒரு குளம்புகூட இருக்காது. பிறகு சிறுத்தைக் குடும்பம் இறங்கிக் குடிக்கும். பொட்டாயிக்குக் கோபம் அதிகம். ஆனால் சொன்ன சொல் மாறாது.

இந்த ஏற்பாடு பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். அது சாம்பலான் என்ற நரி!

பொட்டாயி குளக்கரையில் அடித்துத் தின்று போட்ட மிச்சத்தில் வயிறு வளர்த்தது அந்த நரி. இப்போது பொட்டாயி வேட்டைக்குத் தூரத்து மலைக்குப் போனது. நரிக்கு ஒரு எலும்பும் கிடைக்கவில்லை. தானாக வேட்டையாடலாம்தானே என்று கேட்கிறீர்களா? அதற்கு உடம்பு வணங்க வேண்டுமே!

"மான் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள முறை மாறிட்டா போதும்," என்று நரி யோசித்தது. "நட்சத்திரத்தை நான் தள்ள முடியாது. ஆனா தவளையைத் தள்ளலாமே!"

ஒருநாள் மாலை இருட்டத் தொடங்கியதும் நரி சத்தமில்லாமல் நீந்திப் போனது. திட்டுக்கு அடியில் மூக்கை விட்டது. பாறையைப் பிடித்திருந்த வேர்களையெல்லாம் கடித்துக் கடித்து அறுத்தது. வந்த வழியே கரைக்குத் திரும்பியது. மீதி வேலையைக் காற்று பார்த்துக்கொண்டது. அன்று கிழக்கிலிருந்து இதமான காற்று. திட்டு ஒரு குலுக்கலும் இல்லாமல், ஒரு சத்தமும் இல்லாமல், மேற்கே பனையை நோக்கி நழுவியது.

தவளைக்குத் தெரிந்ததா? தெரியவே இல்லை! அது நட்சத்திரத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

பனையின் பக்கத்தில் போகப் போகப் பனை உயரமாகத் தெரியும் அல்லவா? அப்படித்தான் ஆயிற்று. பனையின் தலை மேலே மேலே எழும்பி நட்சத்திரத்தை மறைத்துவிட்டது.

"அடேயப்பா! இன்னைக்கு நட்சத்திரத்துக்கு என்ன அவசரம்!" என்று வியந்தது தவளை. தொண்டையை உப்பிக்கொண்டு கத்தியது. "கொர்ர்ர்! முறை மாறியாச்சு!"

கிழக்குக் கரையில் மான்கள் அப்போதுதான் குடிக்க ஆரம்பித்திருந்தன. எல்லாம் பதறிக் கரையேறின. ஒரு குட்டிமான் மட்டும் ஏற முடியவில்லை. அதன் பெயர் துள்ளான். பின்னங்கால் சேற்றில் சிக்கிவிட்டது!

"அம்மா! கால் வரமாட்டேங்குது!"

அதன் தாய் செவலை பாய்ந்து ஓடி வந்தது. அதற்குள் புதருக்குள்ளிருந்து பொட்டாயி பாய்ந்தது. துள்ளானின் முதுகில் ஒரு கனத்த பாதம் விழுந்தது.

"அக்கா! விட்டுடுங்க!" என்று கதறியது செவலை.

"தண்ணியில கால் இருக்கு. முறை மாறியாச்சு. நான் தப்பு செய்யலையே?" என்றது பொட்டாயி.

"எங்கே மாறியிருக்கு? நீங்களே பாருங்க! நட்சத்திரம் பனைக்கு மேலே நிக்குது!"

பொட்டாயி நிமிர்ந்து பார்த்தது. கிழக்குக் கரையிலிருந்து பார்க்கும்போது நட்சத்திரம் பனைக்கு மேலே பளபளவென்று நின்றது. பொட்டாயி ஒரு கணம் தயங்கியது.

அங்கேதான் நரி குறுக்கே புகுந்தது. "அம்மணி, ஆளாளுக்கு ஒரு இடத்துல நின்னு பார்த்தா ஆளாளுக்கு ஒண்ணு தெரியும்! திட்டுல இருந்து தவளை சொல்றதுதான் வாக்கு. அப்படித்தானே பேச்சு?" என்று பல்லை இறுக்கிக்கொண்டு பேசியது.

"அப்படித்தான் பேச்சு," என்றது பொட்டாயி.

பெற்ற மனம் அல்லவா, செவலையின் மூளை நூறு மடங்கு வேகமாக ஓடியது. தவளையின் குரல்! தினமும் குளத்தின் நடுவிலிருந்து வரும் குரல், இன்றைக்கு எங்கிருந்து வந்தது? மேற்குக் கரைப் பக்கமிருந்து அல்லவா வந்தது!

"தவளையண்ணே! நீங்க எங்கே இருக்கீங்க?" என்று கத்தியது செவலை.

"என் இடத்துலதான்! வேற எங்கே இருப்பேன்?"

"உங்க திட்டுக்குப் பக்கத்துல பாறை இருக்கா, பாருங்க!"

தவளை அன்றைக்கு முதல்முறையாகக் கண்ணைக் கீழே இறக்கியது. இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது.

"ஐயோ! பாறை ஓடிப்போச்சு!" என்று அலறியது.

கூச்சல் கேட்டுக் கரையில் கூடிய விலங்குகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், செவலையால்தான் சிரிக்க முடியவில்லை.

"நட்சத்திரம் ஓடுது, பாறையும் ஓடுது, நீ மட்டும் நிக்கிறியா?" என்றது பெருமூக்கன் என்ற காட்டுப்பன்றி.

"ஆமா! நான் அசையவே இல்ல! அசைஞ்சா எனக்குத் தெரியாதா?" என்று கத்தியது தவளை.

"அக்கா," என்று செவலை சிறுத்தையின் முன்னால் மண்டியிட்டது. "திட்டு இடம் மாறிப் போயிருக்கு. அதைத் திரும்பவும் பாறைகிட்ட கொண்டு வர்றேன். அங்கே இருந்து தவளையண்ணன் பார்க்கட்டும். நட்சத்திரம் பனைக்குப் பின்னால இருந்தா, என் பிள்ளையோட என்னையும் எடுத்துக்கோங்க. மேலே இருந்தா, விட்டுடுங்க!"

பொட்டாயி தன் குட்டிகளைத் திரும்பிப் பார்த்தது. அவை தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றன. அதற்கும் அவசரம்தான். ஆனாலும் சொன்னது: "சரி. ஆனா ஒண்ணு. முறை மாறினதாத்தான் இப்போதைக்குக் கணக்கு. தண்ணியில இறங்குற ஒவ்வொருத்தரும் இந்தப் பந்தயத்துல சேர்ந்தாச்சு. தோத்தா எல்லாரும் எனக்கு!"

"ஏற்பாடுன்னா ஏற்பாடு!" என்று நரி பல்லை இறுக்கியபடியே உற்சாகமாகக் கத்தியது. எதிர்க்காற்றில் அந்தப் பெரிய திட்டை ஒரு மான் தள்ளவாவது! நரியின் நாக்கில் எச்சில் ஊறியது.

செவலை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தொபுக்கென்று குதித்தது. நீந்தி மேற்கே போனது. திட்டின் மேல் மார்பை வைத்துத் தள்ளியது. திட்டு இம்மியும் நகரவில்லை.

நட்சத்திரமோ இறங்கிக்கொண்டே இருந்தது.

"யாராவது வாங்களேன்! தயவுசெஞ்சு வாங்களேன்!"

கரையில் நின்ற யாரும் இறங்கவில்லை. இறங்கினால் தங்கள் உயிரும் பந்தயத்தில் அல்லவா போகும்! காட்டெருமைகள் ஒன்றை ஒன்று பார்த்தன. மான்கள் காதை மடக்கிக்கொண்டன. பெருமூக்கன் தரையைக் கீறியது. ஒரு பெருமூச்சு விட்டது. "சனியன் பிடிச்ச தவளை!" என்று திட்டிக்கொண்டே தண்ணீரில் பாய்ந்தது!

அவ்வளவுதான்! அதன் பின்னால் ஒரு காட்டெருமை பாய்ந்தது. இன்னொன்று பாய்ந்தது. கலைமான் ஒன்று கொம்பை முன்னால் நீட்டிக்கொண்டு பாய்ந்தது. குளமே கலங்கியது! முட்டித் தள்ளினார்கள். பல்லால் கவ்வி இழுத்தார்கள். திட்டு முனகிக்கொண்டு நகர்ந்தது.

"சீக்கிரம்! சீக்கிரம்! நட்சத்திரம் இறங்குது!" என்று கரையிலிருந்து துள்ளான் கத்தியது. சிறுத்தையின் பாதத்துக்கு அடியில் இருந்துகொண்டு கத்துகிறதே, அந்தக் குட்டிக்கு என்ன தைரியம்!

"தள்ளுங்க! இன்னும் கொஞ்சம்!"

"காற்று எதிர்க்குது!"

"எதிர்க்கட்டும்! நாம என்ன, புல்லா?"

திட்டின் மேல் உட்கார்ந்திருந்த தவளைக்குத் தலை சுற்றியது. முதலில் கரைதான் பின்னால் ஓடுவது போல் அதற்குத் தோன்றியது. பிறகு பனையைப் பார்த்தது. திட்டு கிழக்கே போகப் போகப் பனையின் தலை கீழே கீழே இறங்கியது. இறங்கி, இறங்கி...

பனை ஓலைக்குப் பின்னாலிருந்து நட்சத்திரம் எட்டிப் பார்த்தது!

மறைந்துபோன நட்சத்திரம் திரும்பி மேலே வந்ததை அந்தக் காட்டில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. தவளையின் வாய் திறந்தபடி நின்றது.

டொக்! திட்டு பாறையில் இடித்தது.

"வந்தாச்சு! தவளையண்ணே, சொல்லுங்க!" என்று மூச்சு வாங்கியபடி கேட்டது செவலை.

குளத்தில் நின்றவையெல்லாம் தவளையைப் பார்த்தன. நட்சத்திரம் பனைக்கு மேலே இருந்தது. ஓர் ஓலையின் அகலம், அவ்வளவுதான். ஆனால் மேலேதான் இருந்தது! இதைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வருவோர் போவோரிடமெல்லாம் அடித்த தம்பட்டம் அத்தனையும் பொய் என்று ஆகிவிடும். சிரிப்பார்கள். பேரன் பேத்தி காலம்வரை சிரிப்பார்கள். "மறைஞ்சுடுச்சு" என்று ஒரு சொல் சொன்னால் மானம் தப்பிவிடும்.

தவளை கரையைப் பார்த்தது. சேற்றில் கிடந்த குட்டியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நட்சத்திரம் மேலே இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தியது குண்டுக்கண்ணன். "முறை மாறல! அது ஓடல! பாறையும் ஓடல! நான்தான் நகர்ந்துட்டேன்! எனக்கே தெரியாம நகர்ந்துட்டேன்!"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க நேரம் ஏது? பொட்டாயி பாதத்தைத் தூக்கியது. அதுவே துள்ளானின் கழுத்தை மெல்லக் கவ்விச் சேற்றிலிருந்து வெளியே தூக்கிப் போட்டது. செவலை நீந்தி வந்து குட்டியை நக்கியது, நக்கியது, நக்கிக்கொண்டே இருந்தது. தண்ணீரில் நின்ற எல்லாரும் "ஓ!" என்று கூவிக்கொண்டு கரையேறினார்கள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல எனக்கு வாய் போதாது!

"அது சரி," என்று பொட்டாயி திரும்பியது. "கெட்டியா பிடிச்சிருந்த வேர் எப்படி விட்டுச்சு? சாம்பலான், நீ ஏன் அப்போதிலிருந்து பல்லைக் கடிச்சுக்கிட்டே பேசுற? வாயைத் திற!"

நரி திறக்கவில்லை. பொட்டாயி உறுமியது. நரி திறந்தது. பல்லிடுக்கெல்லாம் கோரை வேர்!

அதன் பிறகு நரி ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெருமூக்கன் துரத்த, காட்டெருமை துரத்த, வாலைச் சுருட்டிக்கொண்டு அது மலைக்கு அப்பால் போய்விட்டது. அந்தக் கோடை முழுவதும் எங்கே தண்ணீர் குடித்ததோ, எனக்குத் தெரியாது. எனக்குக் கவலையும் இல்லை.

திட்டு மறுபடி நழுவாதபடி ஒரு காட்டெருமை இறங்கி அதைப் பாறையின் கிழக்குப் பக்கம் ஒட்டித் தள்ளி வைத்தது. மான்கள் அவசர அவசரமாக வயிறு நிறையக் குடித்துக் கரையேறின. கொஞ்ச நேரத்தில் நட்சத்திரம் உண்மையாகவே பனைக்குப் பின்னால் மறைந்தது. தவளை முதலில் பாறையைத் தொட்டுப் பார்த்தது. பிறகுதான், "கொர்ர்ர்! முறை மாறியாச்சு!" என்றது. சிறுத்தைக் குட்டிகள் ஓடிப்போய்த் தண்ணீரில் வாயை வைத்தன.

மேட்டில் பத்திரமாக நின்ற துள்ளான் திடீரென்று கேட்டது. "தவளை மாமா! முன்னாடி நீங்க நகர்ந்ததால நட்சத்திரம் மறைஞ்சுது. இப்போ நீங்க நகரலையே. அப்புறம் ஏன் மறைஞ்சுது?"

"நட்சத்திரம்தான் நகருது! இதுகூடத் தெரியலையா..." என்று ஆரம்பித்த தவளை பாதியில் வாயை மூடிக்கொண்டது.

சற்று முன்பும் இப்படித்தானே, நட்சத்திரம்தான் அவசரப்படுகிறது என்று சொன்னது!

அது பாறையைப் பார்த்தது. கரையைப் பார்த்தது. பனையைப் பார்த்தது. அதன் குண்டுக் கண்கள் இன்னும் குண்டாயின.

"துள்ளான்! திட்டு நகர்ந்தப்போ பாறையை வச்சுக் கண்டுபிடிச்சோம். பாறையும், குளமும், பனையும், மலையும், நாம எல்லாரும் சேர்ந்து நகர்ந்தா? அப்போ எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

"மேலே இருக்கிற நட்சத்திரத்தை வச்சுத்தான்!" என்று துள்ளிக் குதித்தது குட்டி.

"ஆமா! ஆமா! நட்சத்திரம் இறங்கவே இல்ல! பனைதான் ஏறுது! இந்தத் தரை முழுக்க ஒரு பெரிய திட்டு! குலுங்காம, சத்தமில்லாம நம்மளைத் தூக்கிக்கிட்டுப் போகுது!"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பொட்டாயி தலையைத் தூக்கியது. மூச்சிரைக்கத் திரும்பி வந்த பெருமூக்கனுக்கு ஒரே பயம். நான்கு கால்களையும் அகட்டித் தரையை இறுகப் பிடித்துக்கொண்டது. மான்கள் எல்லாம் கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்தன. எத்தனை நட்சத்திரங்கள்! தினமும் பார்த்த அதே வானம்தான். ஆனால் அன்றைக்குத்தான் தாங்கள் அதற்குக் கீழே பயணம் போய்க்கொண்டிருப்பதாக அவற்றுக்குத் தோன்றியது.

தவளை சொன்னது சரிதான், பிள்ளைகளே! நம் பூமி இரவும் பகலும் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழன்றுகொண்டே இருக்கிறது. அது குலுங்காமல் சுழல்வதால் நமக்குத் தெரிவதில்லை. நாம் நிற்பதாக நினைத்துக்கொண்டு, நட்சத்திரங்கள்தான் கிழக்கே உதித்து மேற்கே போகின்றன என்கிறோம். ஒரு காட்டுத் தவளை தன் மானத்தை விட்டுக்கொடுத்த அன்றுதான் இந்தச் சங்கதி அந்தக் காட்டுக்குப் புரிந்தது.

'நான் நகர்ந்துவிட்டேன்' என்று ஒப்புக்கொள்ளத் துணிந்தவனுக்குத்தான் உலகம் எப்படி நகர்கிறது என்பது விளங்கும்.